ஞானவேல் திறக்காத பூட்டு: விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை

இந்த வலைப்பதிவை வாசிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். காலையில் தாம்பரத்தில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் ஒருநாள் பயணங்களை மட்டும்தான் எழுதுவேன். எத்தனை மணிக்கு ரயில், எந்தக் கடையில் இட்லி கல்லாக இருக்கும், ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்பார், எவ்வளவுக்கு இறங்கி வருவார் என்பதையெல்லாம் குறித்துவைப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். செஞ்சிக் கோட்டைக்குப் போனபோது படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, பாதியில் எண்ணிக்கை தவறி, கீழே இறங்கி மறுபடி ஏறியவன் நான். வீட்டில் என்னைக் கறார் பேர்வழி என்பார்கள். இந்த ஆடி மாதம் வரைக்கும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பயணத்தில் கோட்டை கிடையாது, கோயில் கிடையாது. ஐப்பசி முதல் சனிக்கிழமை விழுப்புரம் போய், அங்கிருந்து பஸ்ஸில் திண்டிவனம் வந்து, பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்த் திரும்பினேன். ஞானவேல் என்கிற நண்பர் கடைசியாக மோட்டார் சைக்கிளில் வந்த வழி அது. அவரை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவருக்குச் சேர வேண்டிய ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. அதை அவர் மனைவி சுமதியிடம் கொடுக்கத்தான் போனேன்.

தாம்பரத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 134 கிலோமீட்டர். காலை ஏழே முக்காலுக்கு வந்த எக்ஸ்பிரஸ்ஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன். செங்கல்பட்டு வரைக்கும் நின்றேன். அங்கே ஒரு குடும்பம் இறங்கியதும் ஜன்னலோரம் கிடைத்தது. ரயில் பாலாற்றைக் கடக்கும்போது வழக்கமாகப் படம் எடுப்பேன். இந்த முறை எடுக்கவில்லை.

நானும் ஞானவேலும் பழகியது, கிரிப்டோ காசுகள் ஓடும் பிளாக்செயின் பற்றித் தமிழில் பேசிக்கொள்ளும் ஒரு இணையக் குழுவில். நான் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவன். அவர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிடிவி கேமரா மாட்டுபவர். முப்பத்தாறு வயது. ஏணிமேல் நின்றபடியே குரல் செய்தி அனுப்புவார். பின்னணியில் டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்கும். குழுவில் பாதிப் பேர் விலை ஏறுமா இறங்குமா என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் உருப்படியான கேள்வி கேட்பார். ஒரு நாள் அவர் கேட்டது இது: "சார், இந்த நெட்வொர்க்குல இருக்கறது அந்த நெட்வொர்க்குக்கு எப்படி சார் தெரியும்?"

தெரியாது என்பதுதான் பதில். ஒவ்வொரு பிளாக்செயினும் தன் கணக்கை மட்டுமே பார்க்கும். பக்கத்து நெட்வொர்க்கில் என்ன நடந்தது என்று அதற்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காசு போக வேண்டுமானால், பாலம் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பாலம், அதில் எதுவும் கடந்து போவதில்லை. இந்தப் பக்கம் உங்கள் காசைப் பூட்டிவைப்பார்கள். அந்தப் பக்கம் அதற்கு ஈடாக ஒரு நகல் காசு அச்சாகும். நடுவில் சிலர் காவலுக்கு நின்று, "ஆமாம், அங்கே பூட்டியாகிவிட்டது" என்று கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் காவலர்களின் சாவி திருடுபோனால் பூட்டியதும் போய்விடும், நகலும் வெறும் நகலாகிவிடும். அப்படிப் போனதெல்லாம் நிறைய உண்டு.

அதனால் நாங்கள் இருவரும் பாலமே இல்லாமல் நேரடியாக மாற்றிக்கொண்டு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். அவருடைய நெட்வொர்க் காசு எனக்கு, என்னுடையது அவருக்கு. முறை எளிமையானது. ஆளுக்கொரு பெட்டியில் அவரவர் காசைப் போட வேண்டும். இரண்டு பெட்டிக்கும் ஒரே ரகசிய எண்ணில் திறக்கும் பூட்டு. அந்த எண் எனக்கு மட்டும் தெரியும். அவர் பெட்டியைத் திறந்து நான் எடுக்க வேண்டுமென்றால் எண்ணை எல்லோரும் பார்க்கும்படி போட்டே ஆக வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து அவர் என் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்வார். குறித்த நேரத்துக்குள் திறக்காவிட்டால் பெட்டி யார் போட்டதோ அவருக்கே திரும்பிவிடும். இதில் யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை. அந்த ஒரு வசதியைச் சொல்லித்தான் நான் அவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் ரயில் 10.05க்கு நின்றது. ஸ்டேஷனுக்கு வெளியே பொங்கல், வடை, காபி சேர்த்து 85 ரூபாய். பொங்கலில் நெய் மணத்தது, சாப்பிடத்தான் முடியவில்லை. அங்கிருந்து பழைய பஸ் நிலையம் பக்கம் நடந்து, ஞானவேல் கடைசியாக வேலை செய்த உரக்கடையைத் தேடினேன். அவர் அனுப்பிய ஒரு படத்தில் கடை போர்டின் ஓரம் தெரிந்தது. அதை வைத்து இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

கடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஞானவேலுக்குத் தெரிந்தவன் என்று மட்டும் சொன்னேன். உடனே எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். சுவரில் மூன்று கேமராக்கள் இருந்தன. நான்காவது இருக்க வேண்டிய மூலையில் ஒயர் மட்டும் சுருண்டு தொங்கியது. அதன் கீழே ஓர் அலுமினிய ஏணி சாய்த்து வைத்திருந்தது.

"ஏணி அவரோடதுதான். எடுத்துக்கினு போங்கன்னு வீட்டுக்கு ஆள் மேல ஆள் சொல்லி வுட்டேன், யாரும் வரல. நாலாவது கேமரா அட்டப்பொட்டியிலயேதான் கெடக்குது. வேற ஆளக் கூட்டியாந்து மாட்ட மனசு வரல" என்றார்.

அந்தச் சாயங்காலம் ஞானவேல் வாசலில் நின்று கால் மணி நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தாராம். கடைக்காரர் என்னவென்று கேட்டதற்குச் சிரித்திருக்கிறார். "மெட்ராஸ் சாரு ஒருத்தரு, நல்லவருதான், ஆனா ரொம்ப கறாரு" என்று சொல்லிவிட்டு, ஏணி இருக்கட்டும் நாளைக்கு வருகிறேன் என்று வண்டியை எடுத்தாராம். அந்த மெட்ராஸ் சார் யாரென்று தெரியாது என்றார் கடைக்காரர்.

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஏணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு என்மேல் அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

நடந்ததை இப்போது முழுவதும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு என் பெட்டியைப் பூட்டினேன். கெடு, சனிக்கிழமை மாலை ஏழு மணி. ஒரு மணி நேரத்தில் அவரும் பூட்டினார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு நான் எண்ணைப் போட்டு அவர் பெட்டியிலிருந்ததை எடுத்துக்கொண்டேன். அந்த நிமிடத்திலிருந்து எண் எல்லோருக்கும் தெரியும். அவர் பங்குக்கு அவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அவரோ வேலை, வேலை என்று தள்ளிப்போட்டார். சனிக்கிழமை 5.05க்கு விழுப்புரத்திலிருந்து செய்தி வந்தது. எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. காரணம் மிகச் சின்னது. எந்த நெட்வொர்க்கிலும் ஒரு காரியம் செய்யக் கட்டணம் உண்டு. அதை அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காசில்தான் கட்ட வேண்டும், வேறு காசு செல்லாது. என் நெட்வொர்க்கில் அவர் கணக்கு புத்தம் புதிது. அதில் கட்டணத்துக்குக்கூட ஒன்றும் இல்லை. பெட்டி நிறைய அவருடைய காசு இருக்கிறது, திறப்பதற்கு இரண்டு ரூபாய் இல்லை. புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தவறு இது. அதை முன்னாலேயே சொல்லித்தர வேண்டியவன் நான்தான்.

அந்த இரண்டு ரூபாயைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டார். நான் வீட்டில் வெங்காய பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லேப்டாப் பக்கத்து அறையில் இருந்தது. ஒன்றரை நாள் அவகாசம் கொடுத்தும் கடைசி நேரத்தில் வந்து நிற்கிறாரே, ஒரு தடவை அலைந்தால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். 5.09க்குப் பதில் போட்டேன். ஞானவேல் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில், வேறொரு கணக்கில், பழைய சோதனைக்கு வாங்கிய என் நெட்வொர்க் கட்டணக் காசு கொஞ்சம் வைத்திருந்தார். அதைப் பயன்படுத்தச் சொன்னேன். ஏழு மணியைத் தாண்டியும் சத்தம் வராததால் 7.12க்கு என் பெட்டியை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். "பூட்டு திரும்பிடுச்சு சார், தூங்கிட்டீங்களா?" என்று ஒரு செய்தியும் அனுப்பினேன். மறுநாள் கொஞ்சம் கெஞ்சவிட்டுக் கொடுக்கலாம் என்பது என் திட்டம். அவர் காசும் என்னிடம், என் காசும் என்னிடம்.

ஆறு மணிக்கெல்லாம் அவர் உயிரோடு இல்லை. கூட்டேரிப்பட்டுக்கு அருகே எச்சரிக்கை விளக்குப் போடாமல் நின்ற லாரியின் பின்னால் மோதியிருக்கிறார். போன் நசுங்கிவிட்டது. எனக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரியும். கோபமாகப் போன் செய்தேன். அவருடைய சிம்மை வேறு போனில் போட்டிருந்த சுமதி எடுத்து, "அவரு இல்லீங்க" என்றார். எங்கே போயிருக்கிறார் என்று கேட்டேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

விழுப்புரம் பஸ் நிலையத்தில் திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். 11.40க்கு ஏறினேன். டிக்கெட் 35 ரூபாய், தூரம் 37 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம் தாண்டி விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடிக்கு முன்னால் பஸ் ஊர்ந்தது. கார்களின் கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கிறது. எந்த வங்கியில் வாங்கியிருந்தாலும் இந்தத் தடுப்புக் கட்டை தூக்கிக்கொள்கிறது. நடுவில் எல்லா வங்கிக்கும் பொதுவாக ஒருவர் உட்கார்ந்து கணக்கை நேர் செய்வதால் அது நடக்கிறது. பிளாக்செயின்களுக்கு அப்படி ஒரு நடு ஆள் வேண்டாம் என்பதுதான் எங்கள் வாதம். அன்றைக்கு ஒரு நடு ஆள் இருந்திருந்தால், இரண்டு ரூபாய் குறைகிறது என்று பார்த்து அவராவது போட்டிருப்பார். மோட்டார் சைக்கிளுக்கு இங்கே கட்டணம் கிடையாது. ஞானவேல் ஓரமாக நிற்காமல் போயிருப்பார்.

கண்டக்டரிடம் கூட்டேரிப்பட்டு வரும்போது சொல்லச் சொன்னேன். அங்கேயா இறங்க வேண்டும் என்று கேட்டார், இல்லை, பார்க்க வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். இடம் வந்தபோது, "இதாங்க" என்று கை காட்டினார். மேம்பாலம், ஒரு பரோட்டாக் கடை, நடுத்தடுப்பில் பூத்திருந்த அரளி, அந்தப் பக்கம் மல்லாட்டை எனும் வேர்க்கடலைக் கொல்லை. எந்த இடம் என்று தெரியவில்லை. ஏதாவது அடையாளம் இருக்கும் என்று ஏன் நினைத்தேனோ. பஸ் வேகம் எடுத்துவிட்டது. நான் கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டார்.

திண்டிவனத்தில் 12.50க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். கிராமம் ஆறு கிலோமீட்டர். 200 கேட்டு 150க்கு ஒத்துக்கொண்டார். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, கேமரா மாட்டுபவர் வீடு என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"கேமரா வேலு வூடா? பாவம் சார். கேப்பை மாவுக்காகப் போய்ட்டாரு மனுசன்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். விபத்துக்கு மறுநாள் ஆடி ஞாயிறு, அம்மனுக்குக் கூழ் ஊற்றும் முறை அவர்கள் வீட்டுக்கு. மில்லில் கேழ்வரகு அரைக்கக் கொடுத்திருக்கிறார்கள். மில் ஆறரைக்கு மூடிவிடும், ஜல்தியாக வந்து மாவை வாங்குங்கள் என்று மனைவி போன் போட்டிருக்கிறார். அந்த அவசரத்தில்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து மோதிவிட்டார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கதை.

"அந்த அம்மா மாமியாகாரி மருமவகிட்ட பேசறதே இல்ல சார், அன்னிலேர்ந்து. ஒரே வூட்டுலதான் இருக்காங்க. இதுவும் ஒண்ணும் எதிர்த்துப் பேசறதில்ல. பேஜாரான பொழப்பு" என்றார் டிரைவர்.

என் பையில் வங்கியில் பணம் போட்டதற்கான காகிதம் இருந்தது. ஞானவேலுக்குச் சேர வேண்டியதைப் பதிவு பெற்ற ஒரு கிரிப்டோ சந்தையில் விற்று, வரி போக வந்ததோடு என் பங்கையும் சேர்த்து, குழுவில் ஒரு வசூலுக்காக ஞானவேல் முன்பு கொடுத்திருந்த சுமதியின் வங்கிக் கணக்கில் முந்தின நாளே போட்டிருந்தேன். எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. கொடுத்துவிட்டு, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பதாகத்தான் எண்ணம். ஆட்டோக்காரர் சொன்னதைக் கேட்ட பிறகு என் சட்டைப் பையிலிருந்த போன் கனத்தது. அதில் ஒரு செய்தி இருக்கிறது. ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது.

வீடு, தளம் போட்ட சின்ன வீடு. வாசலில் ஒரு கேமரா. சுமதிக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். பக்கத்து ஊரில் தையல் வேலைக்குப் போகிறாராம். உள்ளே கதவோரம் ஞானவேலின் அம்மா தரையில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். தலையசைத்துவிட்டு முறத்தைப் பார்த்துக்கொண்டார். நான் போய் வெகு நேரம் வரை அவர் மருமகளைப் பார்க்கவே இல்லை. மருமகளும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

காகிதத்தைக் கொடுத்தேன். எதற்கென்று தெரியாமல் வாங்க மாட்டேன் என்றார் சுமதி. இரண்டு பெட்டி, ஒரே பூட்டு, கெடு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தடவை சொன்னதிலேயே புரிந்துகொண்டார். எங்கள் குழுவில் பலருக்கு நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்துகொண்டதால்தான் அந்தக் கேள்வியையும் கேட்டார்.

"அவரு ஏன் சார் நேரத்துக்கு எடுக்கல? ஏழு மணிக்கு கெடுன்னா, அன்னிக்கு சாயங்காலந்தானே? அவரு மாவு வாங்கத்தானே வந்துக்கினு இருந்தாரு?"

உண்மையைச் சொல்கிறேன், எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். அவரே தொடர்ந்தார். குரல் ஒரே மாதிரி இருந்தது, பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த மாதிரி.

"நாந்தான் சார் போன் பண்ணேன். ஜல்தி வாங்க, மில்லு மூடிடுவாங்கன்னு ரெண்டு வாட்டி பண்ணேன். பண்ணாம இருந்திருந்தா மெதுவா வந்திருப்பாரு."

அந்தச் செய்தியைக் காட்டினால் அதன் கீழே இருக்கும் என் பதிலையும் காட்டியாக வேண்டும். ஞானவேலின் பெட்டியை நான் திறந்த அன்று எண்ணை வெளியே காட்டியது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்க என் கை வரவில்லை. திறந்தேன். அவரிடம் நீட்டினேன்.

சுமதி படித்தார். விரலால் மேலே தள்ளி மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு போனைத் திருப்பி என்னிடமே கொடுத்து, "அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்றார். நான் ஞானவேலின் செய்தியை மட்டும் தேடிக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். "பூராத்தையும் படிங்க சார்" என்றார்.

படித்தேன். முதலில் அவர் எழுதியது. "சார், நம்பர் போட்டேன், வேலைக்காவல. உங்க நெட்வொர்க்ல பீஸ் கட்ட என்கிட்ட காசு இல்ல. ரெண்டு ரூவா அளவுக்கு அனுப்புங்க சார், இங்கியே முடிச்சுடறேன். வீட்ல மாவு வாங்கியாரச் சொல்லி போன் வந்துச்சு. அதுக்கு அவசரம் இல்ல, மில்லு நம்ம ஆளுதான், எட்டு மணிக்குத் தட்டினாலும் தொறப்பாரு. இதுதான் ஏழுக்குள்ள முடியணும்."

அடுத்தது நான் எழுதியது. "ஒன்றரை நாள் டைம் இருந்துச்சு. முன்னாடியே பார்த்திருக்கணும். வீட்டுக்குப் போய் உங்க சிஸ்டத்துலயே பண்ணுங்க. ஏழு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட கிடையாது." அதற்குக் கீழே அவருடைய கடைசிச் செய்தி. "சரி சார். கெளம்பிட்டேன்."

முறம் நின்றுவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "ரெண்டு ரூவாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை அனுப்ப எவ்வளவு நேரமாகும் என்று சுமதி கேட்டார். மூன்று நிமிடம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை. மன்னிக்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்குக் கடிகாரம் பார்க்காமல் நான் உட்கார்ந்திருந்தது அங்கே மட்டும்தான். பிறகு அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மருமகளைப் பார்த்துப் பேசினார்.

"மில்லுல அந்த மாவு அப்படியே கெடக்கும். வண்டு வச்சிருக்கும். போய் எடுத்தாந்துடு, கோழிக்காவது ஆவும்."

சுமதி, "சரிங்க அத்தை" என்றார். அவ்வளவுதான். ஆனால் எழுந்து போகப் போனவர் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. அந்த அம்மா கையை ஊன்றி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

சிறிது நேரம் கழித்துச் சுமதி வெளியே வந்தார். பணத்தைப் பற்றி, அவருடையதுதானே, வாங்கிக்கொள்கிறேன் என்றார். அந்தச் செய்திகளை அவர் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வந்துவிட்டதா என்று திறந்து பார்த்துவிட்டு, உரக்கடையில் ஏணி இன்னும் இருக்குமா என்று கேட்டார். காலையில் பார்த்தேன், இருக்கிறது என்றேன். தையல் வேலை இல்லாத ஒரு நாளில் போய் எடுத்துவருகிறேன் என்றார். இனிமேல் இங்கே வர வேண்டாம் என்பதைக் கோபமில்லாமல், மரியாதையாகவே சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது.

ஆட்டோ கிடைக்காமல் இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய் கொடுத்துத் திண்டிவனம் வந்தேன். பஸ் நிலைய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஞானவேலின் அந்தப் புதிய கணக்கு என் நெட்வொர்க்கில் அப்படியேதான் இருக்கிறது, காலியாக. அதற்கு இரண்டு ரூபாய் அளவுக்குக் கட்டணக் காசு அனுப்பினேன். அந்தக் கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி, நசுங்கிய போனோடு போய்விட்டது, இனி அதை யாராலும் எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பைத்தியக்காரத்தனம்தான். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்தது என்று திரையில் வரும் வரைக்கும் நேரம் பார்த்தேன்.

நம்பத் தேவையில்லாத ஏற்பாடு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எண் சரியாக வேலை செய்தது, பூட்டு சரியாக வேலை செய்தது, கெடு நிமிடம் பிசகாமல் முடிந்தது. எந்த இடத்திலும் ஒரு பிழை இல்லை. அந்த ஏற்பாடு என்னிடம் நம்பிக்கையைக் கேட்கவில்லை என்பதற்காக, மனிதருக்குக் காட்ட வேண்டிய சாதாரண இரக்கத்தையும் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பெரிய குற்றம் எதுவும் செய்யாமலே ஒரு மனிதனை இழந்துவிட்டேன், ஒரு பெண் இரண்டரை மாதம் என் பழியைச் சுமந்திருக்கிறாள். இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். தாம்பரத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் சனிக்கிழமை கூட்டம் அதிகம், அரை மணி முன்னதாக வந்துவிடுங்கள். விழுப்புரம், திண்டிவனம் இரண்டையும் ஒரே நாளில் தாராளமாகப் பார்த்துத் திரும்பலாம். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வலப்பக்கம் உட்கார வேண்டாம், விக்கிரவாண்டி தாண்டும் வரை வெயில். திண்டிவனத்திலிருந்து தாம்பரத்துக்கு நான் கொடுத்தது 95 ரூபாய், இரண்டே கால் மணி நேரம் ஆனது. மாலையில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் நிற்கிற லாரியைப் பார்த்து வாருங்கள். நெட்வொர்க் விட்டு நெட்வொர்க் மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள், அந்தப் பக்கத்தின் கட்டணக் காசு கொஞ்சமாவது கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதிராளியிடமும் கேளுங்கள். அதை மறந்துவிட்டு யாராவது கடைசி நேரத்தில் இரண்டு ரூபாய் கேட்டால், எதுவும் பேசாமல் அனுப்பிவிடுங்கள். இரண்டு நிமிடம் நாற்பது நொடிதான் ஆகிறது.